வெப் ஆப்பை எங்கே ஓடவிடுவது? பிளாட்ஃபார்மா, நாமே பார்த்துக்கொள்ளும் சர்வரா?

உங்கள் லேப்டாப்பில் ஆப் நன்றாக ஓடுகிறது. மற்றவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டுமானால், இரவு பகல் பாராமல் இணையத்தில் இருக்கும் ஒரு கணினி வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் திணறுவது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் ஹெரோக்கு, ரெண்டர், ரெயில்வே, கூகுள் கிளவுட் ரன் போன்ற பிளாட்ஃபார்ம்கள். இன்னொரு பக்கம் டிஜிட்டல்ஓஷன், லினோட், ஹெட்ஸ்னர், அமேசான் இசி2 போன்ற இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வெறும் லினக்ஸ் சர்வர்கள். யாரைக் கேட்டாலும் தனக்குப் பழகியதைத்தான் சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு (நீங்கள் எழுதிய நிரல்) எங்கே ஓட வேண்டும், தரவு எங்கே இருக்க வேண்டும் என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்வதால்தான் குழப்பம் வருகிறது. கோடு, கிட் என்னும் பதிப்புச் சேமிப்பில் இருக்கிறது. சர்வரே இல்லாமல் போனாலும் அன்றைக்கே வேறொரு இடத்தில் அதை ஓடவைத்துவிடலாம். பயனர்கள் பதிந்த தரவு அப்படியல்ல, போனால் போனதுதான். அதனால் கோடு விஷயத்தில் துணிந்து எதையும் செய்து பாருங்கள். தரவு விஷயத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

பிளாட்ஃபார்மில் நீங்கள் கோடைப் புஷ் செய்தால் (அனுப்பினால்) போதும். அது தேவையான லைப்ரரிகளை இறக்கி, பில்டு செய்து, ஆப்பைத் தொடங்கி, ஹெச்டிடிபிஎஸ் முகவரி ஒன்றையும் கொடுத்துவிடும். ஆப் விழுந்தால் தானே மீண்டும் எழுப்பும். அடியில் இருக்கும் லினக்ஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் போடுவது அவர்கள் வேலை. 2007-இல் தொடங்கிய ஹெரோக்குதான் இந்தப் பாணியைப் பரவலாக்கியது. கூகுள் ஆப் எஞ்சின் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

சர்வரை வாடகைக்கு எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஐபி முகவரியும், உபுண்டுவோ டெபியனோ போட்ட ஒரு கணினியும் மட்டும். மின்சாரமும் நெட்வொர்க்கும் ஹார்டுவேரும் அவர்கள் பொறுப்பு. லாகின் செய்த நொடியிலிருந்து மீதி எல்லாம் உங்கள் பொறுப்பு.

படி 1: உங்கள் ஆப்புக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

சேவைகளின் பட்டியலைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் ஆப்பைப் பற்றி எழுதுங்கள். பயனர்கள் படமோ ஃபைலோ ஏற்றுகிறார்களா? மின்னஞ்சல் அனுப்புவது, ரிப்போர்ட் தயாரிப்பது போல் பின்னணியில் ஓடும் வேலைகள் உண்டா? குறித்த நேரத்தில் ஓட வேண்டிய க்ரான் வேலைகள்? சாட் போல எப்போதும் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகள்? வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் போன்ற சிஸ்டம் நிரல்கள்?

அப்புறம் இரண்டு கேள்விகள். ஒன்று, கடைசி எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்குவீர்கள்: ஒரு நாளா, ஒரு மணி நேரமா, ஒரு நிமிடமா? இரண்டு, ஆப் எவ்வளவு நேரம் படுத்திருந்தால் சமாளிக்க முடியும்? விளம்பரங்களில் வரும் 99.9 சதவீதம் என்ற எண்ணைக் கணக்குப் போட்டால், ஓர் ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் ஆப் நின்றிருக்கலாம் என்று அர்த்தம். ஒரு கிளப்பின் நிகழ்ச்சி அறிவிப்பு ஆப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பணம் வாங்கும் ஆப்புக்கு, அந்த எட்டே முக்கால் மணி நேரமும் ஒரே நாளில் வந்தால் பெரிய அடி. இந்த இரண்டு பதில்களும் கையில் இருந்தால், பின்னால் வரும் பாதி முடிவுகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

படி 2: பிளாட்ஃபார்மின் விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

பிளாட்ஃபார்ம் எளிது என்பது உண்மை. அதன் விதிகளுக்கு உட்பட்டு எழுதிய ஆப்புக்குத்தான் அந்த எளிமை கிடைக்கும்.

முதல் விதி: டிஸ்க் நிலையானதல்ல. ஹெரோக்குவில் ஆப் ஓடும் டைனோ ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். புதிய கோடை டிப்ளாய் செய்தாலும் (ஓடவைத்தாலும்) அப்படித்தான். அதற்குள் பயனர்கள் ஏற்றிய படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தால் காணாமல் போய்விடும். லேப்டாப்பில் ஒழுங்காக இருந்த எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலுக்கும் இதே கதிதான். எனவே ஃபைல்களை அமேசான் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (ஃபைல்களை வைக்கும் தனிச் சேவை) வையுங்கள், தரவைத் தனி டேட்டாபேஸில் வையுங்கள். சில பிளாட்ஃபார்ம்கள் நிலையான டிஸ்க்கை இணைக்க விடுகின்றன. ஆனால் அப்படி இணைத்த பிறகு ஆப்பின் இரண்டு பிரதிகளை ஓட்டுவது பெரும்பாலும் முடியாது.

இரண்டாவது, நேர வரம்பு. ஹெரோக்குவில் ஒரு கோரிக்கைக்கு 30 நொடிக்குள் பதில் வரத் தொடங்காவிட்டால் ரூட்டர் இணைப்பைத் துண்டித்துவிடும். பெரிய ரிப்போர்ட்டைப் பயனர் காத்திருக்கும்போதே தயாரிக்கும் ஆப் இதில் மாட்டிக்கொள்ளும். அந்த வேலையைப் பின்னணி வொர்க்கருக்குத் தள்ளுவதுதான் சரி. அதை எங்கே ஓட்டினாலும் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாவது, தூக்கம். மலிவான திட்டங்களில் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை என்றால் ஆப்பை உறங்க வைத்துவிடுவார்கள். ஹெரோக்குவின் ஈகோ திட்டத்தில் அது 30 நிமிடம். அடுத்து வரும் முதல் ஆள் ஆப் எழும்வரை காத்திருக்க வேண்டும். கிளவுட் ரன் போல, யாரும் இல்லாதபோது பூஜ்யத்துக்கு இறங்கும் சேவைகளிலும் இது உண்டு.

இலவசத் திட்டத்தை நம்பி மற்றவர்கள் சார்ந்திருக்கும் ஒன்றைக் கட்டாதீர்கள். ஹெரோக்கு தன் இலவச டைனோக்களை 2022 நவம்பர் 28 முதல் நிறுத்தத் தொடங்கியது. பல ஆண்டுகளாக அதில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ சின்ன ஆப்களும் பயிற்சித் திட்டங்களும் அதோடு நின்றன. இலவசம் பழகுவதற்கு நல்லது, அவ்வளவுதான்.

படி 3: சர்வர் என்றால் எதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள்

சர்வரை நிறுவுவது ஒரு மாலை வேலை. வழிகாட்டியைப் பார்த்து வரிவரியாகச் செய்தால் ஆப் ஓடிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகு வரும் மாதங்களில் இருக்கிறது. கீழே உள்ளவற்றைப் படித்துவிட்டு, இவற்றை ஆண்டு முழுவதும் யார் செய்வார்கள் என்று உங்களையே கேளுங்கள்.

லாகினில் தொடங்குவோம். புது ஐபி இணையத்துக்கு வந்த சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்கள் லாகினுக்கான 22-ஆம் போர்ட்டை (சர்வரின் எண்ணிட்ட வாசல்) தட்டிப் பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்கத் தொடங்கிவிடும். எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சாவி ஜோடி ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்ட் லாகினை முழுதாக நிறுத்துங்கள். ரூட் பயனர் நேரடியாக நுழைவதையும் தடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த மாற்றத்தைச் செய்யும்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு டெர்மினலில் சாவியை வைத்து நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

அடுத்தது ஃபயர்வால். வெளியுலகுக்குத் திறந்திருக்க வேண்டியவை 22, 80, 443 ஆகிய போர்ட்கள் மட்டுமே. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு குழி இருக்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கிவிட்டு, டாக்கர் கண்டெய்னரின் (ஆப்பைத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் பெட்டி) போர்ட்டை வெளியிட்டால், டாக்கர் தன் விதிகளை நேராக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகள்) எழுதிவிடும். ஃபயர்வால் மூடியிருப்பதாகக் காட்டும், போர்ட்டோ உலகுக்கே திறந்திருக்கும். கண்டெய்னர் போர்ட்டை அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியோடு மட்டும் கட்டுங்கள். சர்வர் தரும் நிறுவனத்தின் நெட்வொர்க் ஃபயர்வால் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

டேட்டாபேஸ் போர்ட் ஒருபோதும் வெளியே தெரியக்கூடாது. 2017-இன் தொடக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி டேட்டாபேஸ்களைத் தேடிப்பிடித்து, தரவை அழித்துவிட்டுப் பிணைப்பணம் கேட்டார்கள். யாரும் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. 27017 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவே. உங்கள் லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்ஹெச் டனல் வழியாகப் பாருங்கள். போர்ட்டைத் திறக்க வேண்டாம்.

அப்டேட்கள். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், அதற்கு ஐந்து ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு. பாதுகாப்பு அப்டேட்கள் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். கெர்னல் அப்டேட் முழுதாக நடைமுறைக்கு வர ரீபூட் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, அந்த ஓட்டை உள்ள பதிப்பைச் சர்வரில் வைத்திருந்த ஒவ்வொருவரும் அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அதுபோன்ற நாள் உங்கள் விடுமுறையிலோ தேர்வு நாளிலோ வரலாம்.

ஆப்பை டெர்மினலில் தொடங்கிவிட்டு வெளியேறினால் அது நின்றுவிடும். லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக எழுதுங்கள். விழுந்தால் எழுப்பவும், ரீபூட் ஆனால் தானே தொடங்கவும் அது பார்த்துக்கொள்ளும். வரும் கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்கு அனுப்ப, முன்னால் எஞ்சின்எக்ஸ் அல்லது கேடி என்ற வெப் சர்வர் நிற்கட்டும். எஞ்சின்எக்ஸ் 502 என்ற பிழையைக் காட்டினால், அது நலமாக இருக்கிறது, பின்னால் இருக்கும் உங்கள் ஆப்தான் பதில் சொல்லவில்லை என்று பொருள். தேடலை ஆப்பின் லாக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இருக்கிறது. இலவசம்தான், ஆனால் வழக்கமாக அது தரும் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029-க்குள் 47 நாளாகக் குறைப்பதென்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025-இல் முடிவெடுத்துவிட்டது. கையால் புதுப்பிப்பது இனி ஆகாத காரியம். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் டைமர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று ஒரு சோதனைப் புதுப்பிப்பு செய்து பாருங்கள். கேடி என்றால் அது தானாகவே செய்துகொள்ளும்; புதியவர்களுக்கு நான் கேடியைத்தான் சொல்வேன்.

ரேமும் டிஸ்க்கும் மீதிக் கதை. ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் அதிகம் தின்னும் ப்ராசஸைக் கொன்றுவிடும். அது பல நேரம் உங்கள் டேட்டாபேஸாக இருக்கும். 1 ஜிபி ரேம் உள்ள சர்வரிலேயே ஜாவாஸ்கிரிப்ட் பில்டு செய்யப் போய் இதில் மாட்டுபவர்கள் நிறைய. பில்டை வேறு இடத்தில் செய்து முடிவை மட்டும் அனுப்புங்கள், கொஞ்சம் ஸ்வாப்பும் (ரேம் போலப் பயன்பட டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) போட்டுவையுங்கள். டிஸ்க்கை நிரப்புவது பெரும்பாலும் லாக்தான். டாக்கர் இயல்பாகத் தன் லாக் ஃபைல்களுக்கு எந்த உச்சவரம்பும் வைப்பதில்லை, நீங்கள்தான் அளவு குறிக்க வேண்டும். டிஸ்க் நிறைந்தால் போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் எழுத மறுக்கும், அப்புறம் ஆப்பும் நிற்கும். டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டினால் உங்களுக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு, அந்தச் சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். சர்வரே படுத்துவிட்டால் அதற்குள் இருக்கும் கண்காணிப்பு யாருக்குச் செய்தி அனுப்பும்?

படி 4: தரவுக்குத் தனி முடிவு

2017 ஜனவரி 31 இரவு, கோடைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸின் கோப்புறை என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கப் போனால், தினசரி பேக்கப் பல நாளாக எடுக்கப்படவே இல்லை. பேக்கப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யார் கைக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக யாரோ கையால் எடுத்து வைத்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. அனுபவமுள்ள ஒரு முழுக் குழு இருந்த இடத்தில் இப்படி.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவு. பேக்கப் வேறொரு இடத்தில், முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இருக்க வேண்டும். சர்வரின் ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது. அந்தக் கணக்கே முடங்கினால் அதுவும் கைக்கு எட்டாது. பேக்கப்பை எழுதும் சாவிக்குப் பழையவற்றை அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது, இல்லையென்றால் சர்வருக்குள் நுழைந்தவன் அவற்றையும் அழிப்பான். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை ஒரு காலி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, ஆப்பை அதோடு இணைத்து, நேற்றைய பதிவுகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துவையுங்கள். படி 1-இல் நீங்கள் எழுதிய இரண்டாவது பதிலோடு அது ஒத்துப்போக வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியாது என்று தோன்றினால், கோடைச் சர்வரில் ஓட்டினாலும் டேட்டாபேஸை மட்டும் நிர்வகிக்கப்படும் சேவையாக, அதாவது சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும்படி எடுங்கள். புதியவர்கள் எல்லோருக்கும் என் பரிந்துரை இதுவே. அமேசான் ஆர்டிஎஸ் போன்ற சேவைகளில், கடந்த சில நாட்களுக்குள் எந்த நிமிடத்துக்கு வேண்டுமானாலும் டேட்டாபேஸைத் திருப்பிக்கொண்டு போக முடியும். எங்கோ ஒரு தவறான டிலீட் ஓடியது 3:42-க்கு என்றால் 3:41-க்குத் திரும்பலாம். வெறும் இரவு நேர டம்ப்பால் (டேட்டாபேஸின் முழு நகல்) இதைச் செய்ய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது தூரம். டேட்டாபேஸும் ஆப்பும் ஒரே ரீஜனில் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) இருக்கட்டும். ஒரு பக்கத்தைக் காட்ட ஆப் வரிசையாக 50 க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அனுப்புகிறது, டேட்டாபேஸ் 30 மில்லிநொடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பயணத்துக்கு மட்டுமே ஒன்றரை நொடி போய்விடும். ஆப் மெதுவாக இருக்கிறதென்று சர்வரைப் பெரிதாக்கினாலும் இது குறையாது.

படி 5: செலவைச் சரியாகக் கூட்டுங்கள்

பிளாட்ஃபார்மின் விலைப் பக்கத்தில் முதலில் தெரியும் எண், ஒரு ப்ராசஸுக்கான விலை. உங்களுக்கு வெப் ப்ராசஸ் ஒன்று, வொர்க்கர் ஒன்று, டேட்டாபேஸ், ரெடிஸ் (வேகமான தற்காலிகச் சேமிப்பு), அப்புறம் சோதனைக்கென்று இவை எல்லாவற்றின் இன்னொரு பிரதி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். வெளியே போகும் தரவுக்குக் கட்டணம் எப்படி என்று பாருங்கள். பெரிய கிளவுட்களில் உள்ளே வருவது பொதுவாக இலவசம், வெளியே போவதற்குக் காசு. தானாக விரியும் சேவைகளில் அதிகபட்சப் பிரதிகளுக்கு வரம்பு வையுங்கள். பட்ஜெட் அலர்ட் என்பது செய்தி மட்டுமே அனுப்பும், செலவை நிறுத்தாது.

சர்வரின் மாத வாடகை சின்னதாகத் தெரியும். அதோடு உங்கள் நேரத்தைச் சேருங்கள். அப்படிச் சேர்த்த பிறகும் சர்வர் வெல்லும் இடங்கள் உண்டு: ஒரே கணினியில் பத்துச் சின்ன ஆப்களை ஓட்டுவது, நாள் முழுக்க ஒரே சீராக அதிக சிபியு கேட்கும் வேலை, நிறைய தரவை வெளியே அனுப்பும் வேலை. 37சிக்னல்ஸ் நிறுவனம் கிளவுடை விட்டு வெளியேறப் போவதாக 2022-இல் அறிவித்ததைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர்களுடைய சுமை சீரானது, சர்வர்களைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஒரு குழுவும் இருந்தது. தனி ஆளாக முதல் ஆப்பை வெளியிடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இடைவழியும் இருக்கிறது. டோக்கு, கூலிஃபை, கேப்ரோவர் போன்றவற்றை உங்கள் சர்வரில் நிறுவினால், புஷ் செய்தவுடன் டிப்ளாய் ஆகும் வசதி உங்களுக்கே கிடைக்கும். 37சிக்னல்ஸ் வெளியிட்ட கமாலும் அதுபோல டிப்ளாய் வேலையை எளிதாக்குவது. நல்ல கருவிகள். ஆனால் படி 3-இல் சொன்ன அப்டேட், ஃபயர்வால், டிஸ்க் எல்லாம் அப்படியே உங்கள் தலையில்தான் இருக்கும்.

படி 6: முடிவெடுங்கள்

தனி ஆள், முதல் ஆப், இன்னும் பயனர்கள் வரவில்லை என்றால் பிளாட்ஃபார்ம், கூடவே அதே ரீஜனில் நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ். யோசிக்கவே வேண்டாம்.

லினக்ஸ் பழக்கம் உண்டு, ஆப் பிளாட்ஃபார்மின் விதிகளோடு முட்டுகிறது, அல்லது பில் தாங்கவில்லை என்றால் கோடுக்குச் சர்வர், தரவுக்கு நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ். இரண்டையும் சொந்தமாகப் பார்த்துக்கொள்வது, ரீஸ்டோர் ஒத்திகையை ஒழுங்காகச் செய்பவர்களுக்கு மட்டும். குழுவில் ஒருவருக்குத்தான் சர்வர் தெரியும் என்றால், அவர் இல்லாத வாரத்தில் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் எழுதிவிட்டு எடுங்கள்.

சர்வர் நிர்வாகம் கற்க ஆசை இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், மிகவும் பயனுள்ள அறிவு அது. நின்றால் யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் ஆப்பை வைத்துப் பழகுங்கள்.

படி 7: வெளியேறும் வழியை இப்போதே திறந்து வையுங்கள்

முடிவு எதுவானாலும் நாளைக்கு மாற வேண்டியிருக்கலாம். அமைப்புகளையும் ரகசியச் சாவிகளையும் கோடில் எழுதாமல் என்விரான்மெண்ட் வேரியபிள்களில் (ஆப்புக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) வையுங்கள். டாக்கர்ஃபைல் (ஆப்பைக் கண்டெய்னராகக் கட்டும் குறிப்பு) ஒன்றை எழுதிவையுங்கள். டேட்டாபேஸுக்கு எங்கும் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒன்றை எடுங்கள். டொமைனை உங்கள் பெயரில், ஹோஸ்டிங் நிறுவனத்தோடு சேராமல் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிளாட்ஃபார்ம் தரும் இலவசத் துணைமுகவரியைப் பயனர்களிடம் கொடுத்துவிட்டால் பிறகு நகரவே முடியாது.

மாறும் நாள் வந்தால், டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஒரு நாள் முன்பே 300 நொடியாகக் குறையுங்கள். புது இடத்தில் ஆப்பை ஓடவைத்து, பழைய பேக்கப்பை ஏற்றி ஒருமுறை சோதியுங்கள். பயனர்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் பழைய ஆப்பைப் பராமரிப்பு நிலையில் வைத்து, எழுதுவதை நிறுத்தி, கடைசி டம்ப் எடுத்துப் புது டேட்டாபேஸில் ஏற்றுங்கள். முக்கியமான டேபிள்களின் வரி எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அப்புறம் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழைய இடத்தின் க்ரான் வேலைகளையும் வொர்க்கர்களையும் இதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பயனருக்கும் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை போகும். பழைய டேட்டாபேஸை உடனே அழிக்காமல் இரண்டு வாரம் படிக்க மட்டும் முடிகிற நிலையில் விட்டுவையுங்கள். புது இடத்தில் எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு ரீஸ்டோர் வெற்றிகரமாக முடிந்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.